கூமுட்டை என்று எறியும் முன்: முட்டைக்குள் கரு கட்டுவது முதல் குஞ்சு பொரிப்பது வரை, மலையகக் குளிருக்கான முழு வழிகாட்டி

12 முட்டை அடை வைத்து 5 குஞ்சு இறங்கினால், மிச்சம் ஏழையும் "கூமுட்டை" என்று ஒரே பெயர் வைத்துக் குழியில் போட்டுவிடுகிறோம். அந்த ஏழையும் உடைத்துப் பார்த்தால் ஏழும் ஒன்றல்ல என்று தெரியும். ஒன்றில் கருவே கட்டியிருக்காது. ஒன்றில் இதயம் துடிக்கத் தொடங்கிய மறுநாளே முளையம், அதாவது வளரும் கரு, செத்திருக்கும். இன்னொன்றில் முழுக் குஞ்சு, அலகை மழுங்கிய முனையிலுள்ள காற்றறைக்குள் நீட்டியபடி மூச்சு முட்டி இறந்திருக்கும். முதலாவதற்குச் சேவலைப் பார்க்க வேண்டும், இரண்டாவதற்கு முதல் நாட்களில் பட்ட சூட்டை, மூன்றாவதற்குச் சூட்டுப் பெட்டியின் (இன்குபேட்டர்) காற்றுத் துளைகளை. எந்த நாளில் நின்றது என்று தெரிந்தால்தான் என்ன பிழை என்று தெரியும். அதற்கு உள்ளே எந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோழியின் வயிற்றுக்குள் போகும் முதல் நாள்

குஞ்சு பொரிக்க 21 நாள் என்பது பாதிக் கணக்கு. உண்மையில் 22. முதல் நாள் கோழிக்குள்ளேயே கழிந்துவிடுகிறது.

பெட்டைக்கோழிக்கு வேலை செய்வது இடது சூலகம் மட்டுமே. முற்றிய மஞ்சட்கரு ஒன்று அதிலிருந்து கழன்று, முட்டைக்குழாயின் புனல் வாய்க்குள் விழுகிறது. நாம் மஞ்சட்கரு என்று சொல்லும் அந்தப் பெரிய உருண்டை முழுவதும் ஒரே ஒரு கலம்தான். அதன் மேல்பரப்பில் 3 மில்லிமீற்றர் அளவுள்ள வெண்புள்ளி ஒன்று இருக்கும். கோழியின் கரு அங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சாப்பாடு.

புனல் வாயில் மஞ்சட்கரு தங்குவது 15 முதல் 30 நிமிடம் வரைதான். கருக்கட்டல் அந்த இடைவெளிக்குள் நடந்தாக வேண்டும். அடுத்த பகுதிக்குப் போனதும் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும், பிறகு விந்து நுழைய வழியில்லை. ஆனால் சேவல் அந்த அரை மணி நேரத்தில்தான் மிதிக்க வேண்டும் என்றில்லை. குழாயின் கீழ்ப்பகுதிச் சுவரில் மிக நுண்ணிய பைகள் உண்டு. மிதித்த சேவலின் விந்து அவற்றில் சேர்ந்து, நாளுக்குக் கொஞ்சமாக மேலே ஏறுகிறது. ஒரு முறை மிதித்தால் ஏறக்குறைய ஒரு வாரத்துக்கு நல்ல கருமுட்டை கிடைக்கும். அதன் பிறகு குறையும், ஆனாலும் இரண்டு மூன்று வாரம் வரை ஒன்றிரண்டு வரலாம். இதிலிருந்து இரண்டு விஷயம் பிடித்துக்கொள்ளுங்கள். புதுச் சேவல் விட்டால் 10 நாள் பொறுத்து முட்டை சேருங்கள். ஒரு சேவலை எடுத்துவிட்டு வேறொன்றை விட்டால், குஞ்சு யாருடையது என்று உறுதியாகச் சொல்ல 3 வாரம் விட வேண்டும்.

மனிதன், மாடு, தவளை எல்லாவற்றிலும் ஒரு விந்து நுழைந்ததும் முட்டை கதவை அடைத்துக்கொள்ளும். கோழியில் அப்படியில்லை. பல விந்துகள் நுழைகின்றன, ஒன்றின் கரு மட்டுமே பெட்டையின் கருவோடு சேர்கிறது. மற்றவை அழிந்தாலும் வீண் அல்ல. மிகக் குறைந்த எண்ணிக்கையே நுழைந்தால் முளையம் தொடக்கத்திலேயே தடுமாறுகிறது. ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை என்ற கணக்கை மீறி 20 பெட்டை விட்டிருப்பவர்களுக்குக் கருக்கட்டாத முட்டையோடு ஆரம்பச் சாவும் கூடுவது இதனால்தான்.

சேவலா பெட்டையா என்பதும் இங்கேயே முடிந்துவிடுகிறது. பறவைகளில் அதைத் தீர்மானிப்பது தாயின் முட்டை. முட்டைக்குழாய்க்குள் விழும் நேரத்திலேயே அது குறிக்கப்பட்டாயிற்று. கூர்முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று பொறுக்கி வைப்பதில் பொருளில்லை. ஓட்டின் வடிவம் பின்னால்தான் வருகிறது.

அதன் பின் பயணம் இப்படி: வெள்ளைக்கரு சேரும் பகுதியில் 3 மணி நேரம், ஓட்டுச் சவ்வு போடும் பகுதியில் ஒன்றேகால் மணி நேரம், சுண்ணாம்பு ஓடு கட்டும் பையில் சுமார் 20 மணி நேரம். கருக்கட்டி 4, 5 மணி நேரத்தில் முதல் பிளவு விழுகிறது. மஞ்சட்கரு முழுவதும் பிளப்பதில்லை. அவ்வளவு பெரிய உருண்டையைப் பிளக்க முடியாது. மேலே இருக்கும் அந்த வெண்புள்ளி மட்டும் 2, 4, 8 என்று துண்டாகிக்கொண்டே போகிறது. ஓட்டுப் பையில் முட்டை மெதுவாகச் சுழலும்போது எந்தப் பக்கம் மேலே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் குஞ்சின் வால் பக்கமாகிறது. முட்டையின் மழுங்கிய முனையை உங்கள் இடது கைப்பக்கம் வைத்துப் பிடித்தால், பெரும்பாலும் தலை உங்களுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்கும். 19ஆம் நூற்றாண்டில், முளைய வளர்ச்சியை ஆராய்ந்த கார்ல் எர்ன்ஸ்ட் வொன் பேர் கண்டுசொன்ன விதி இது.

முட்டை வெளியே வரும்போது அந்தப் புள்ளியில் 40,000 முதல் 60,000 கலங்கள் இருக்கும். ஆக நீங்கள் கூட்டிலிருந்து எடுப்பது விதை அல்ல, முளைவிட்டுத் தூங்கும் உயிர்.

புள்ளியைப் படிக்கும் விதம்

ஒரு வாரத்து முட்டைகளில் மூன்றை எடுத்துத் தட்டையான கோப்பையில் உடையுங்கள். மஞ்சட்கரு தானே உருண்டு வெண்புள்ளியை மேலே கொண்டுவரும். கருக்கட்டாத புள்ளி சிறியது, 2, 3 மில்லிமீற்றர், கெட்டியான வெள்ளை, ஓரம் பிய்ந்தது போல. கருக்கட்டியது 4, 5 மில்லிமீற்றர், வட்டமான ஓரம், நடுவில் கண்ணாடி போன்ற பகுதி, சுற்றி வெள்ளை வளையம், உளுந்து வடை மாதிரி. மூன்றிலும் வளையம் இல்லையென்றால் அடை வைத்து மூன்று வாரம் வீணாக்க வேண்டாம். கடையில் வாங்கும் பண்ணை முட்டையை அடை வைக்கவே வேண்டாம், அந்தக் கோழிகளுக்குச் சேவலே கிடையாது. புள்ளி பார்த்த முட்டையைப் பொரித்துச் சாப்பிடலாம், நட்டமில்லை.

முட்டை சேர்த்து வைக்கும் இடம்: குளிர் இங்கே உதவி

முளையம் வளராமல் நிற்கும் வெப்பநிலை ஏறக்குறைய 20 பாகை செல்சியஸ். அதற்குக் கீழே தூக்கம், மேலே அரைகுறை விழிப்பு. சேமிக்க ஏற்றது 15 முதல் 18 பாகை. கொழும்பில் இதற்குக் குளிரூட்டிய அறை வேண்டும். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான், காம்பராவின் வடக்குச் சுவரோரம் ஒரு மரப்பெட்டி போதும்.

கெடுவது எங்கே என்றால் அடுப்படியில். காலையில் அடுப்பு எரிய 28 பாகை, இரவில் 12 பாகை, மறுநாள் மீண்டும் 28. ஒவ்வொரு முறையும் முளையம் எழுந்து சில கலம் பிளந்து மீண்டும் உறங்குகிறது. நான்கைந்து முறை இப்படி எழுப்பினால் அடை வைத்த பிறகு எழும்ப அதற்குத் தெம்பிருக்காது. உடைத்தால் புள்ளி கொஞ்சம் பெரிதாகி, இரத்தமே இல்லாமல் நின்றிருக்கும். இதைத்தான் பலர் "சேவல் சரியில்லை" என்கிறார்கள். சேவல் மேல் விழும் பழியில் பாதி அடுப்படிக்குரியது என்பதே எங்கள் கணிப்பு.

ஜனவரியில் புல்வெளியில் உறைபனி விழும் இரவுகளில் முட்டையைத் தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்காதீர்கள். உறையும் அளவுக்குக் குளிர்ந்தால் முளையம் மிஞ்சாது. ஒரு சாக்குத் துண்டு மூடினால் சரி.

மற்றவை சுருக்கமாக: கூர்முனை கீழே, மழுங்கிய முனை மேலே. 7 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம். அதைத் தாண்டினால் ஒவ்வொரு நாளும் பொரிப்பு குறையும். கழுவாதீர்கள், ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள், அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், துடைத்தும் போகாதது சமையலுக்கு.

அடை வைப்பதற்கு முதல் நாள் இரவு முட்டைகளை 24, 25 பாகை உள்ள இடத்தில் 6 முதல் 12 மணி நேரம் வையுங்கள். 14 பாகையிலிருந்து நேரே சூட்டுப் பெட்டிக்குள் போட்டால் ஓடு வியர்க்கும். வியர்வை நீரோடு கிருமி துளைக்குள் இழுக்கப்படும்.

அடைக்கோழி

நல்ல அடைக்கோழி இருந்தால் அதுவே முதல் தெரிவு. நாட்டுக்கோழி 10 முதல் 12 முட்டை மூடும். டிசம்பர், ஜனவரியில் 8, 9 போதும், விளிம்பு முட்டைகள் இரவில் சில்லிடும். கூடு சீமெந்துத் தரையில் படக்கூடாது. அடியில் பலகை, மேலே சாக்கு, அதன் மேல் காய்ந்த மானாப்புல் 10 சென்ரிமீற்றர் கனத்துக்கு. நாளுக்கு 15, 20 நிமிடம் அது எழுந்து போவது முட்டைக்குக் கெடுதி அல்ல.

பெட்டியில் வைப்பவர்களுக்கு: மலையில் மாறும் மூன்று கணக்கு

ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 முதல் 37.8 பாகை. ஃபேன் இல்லாத ரிஜிபோம் பெட்டியில், முட்டையின் மேல்மட்டத்தில் அளந்து 38.3 முதல் 38.8. முதல் 18 நாள் ஈரப்பதன் 50 முதல் 55 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70. இவை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். மலைக்குரியவை வேறு.

முதலாவது, வெப்பமானியைச் சரிபார்ப்பது. கொதிநீரில் வைத்து 100 காட்டுகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதிக்கும். சரியான வெப்பமானியைப் பிழை என்று எண்ணி 6 பாகை கூட்டித் திருத்தினால் கதை முடிந்தது. இளஞ்சூட்டு நீரில் காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியையும் இதையும் சேர்த்துப் பிடியுங்கள். முட்டைக்கு வேண்டிய 38 பாகையில் இரண்டும் ஒத்துப்போனால் போதும்.

இரண்டாவது, ஈரம். வெளியே மூடுபனி, சுவரெல்லாம் கசிவு, ஆகவே பெட்டிக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நினைப்பது இயல்பு. 16 பாகையில் 85 சதவீத ஈரமுள்ள காற்றைப் பெட்டிக்குள் 37.7 பாகைக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதன் 24 சதவீதத்துக்கு விழும். குளிர்ந்த காற்று கொள்ளும் நீராவியே கொஞ்சம்தான். இதற்கு மேல், நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் 80 சதவீதம். அழுத்தம் குறைந்தால் நீராவி ஓட்டுத் துளைகளினூடே வேகமாகக் கசியும், ஏறக்குறைய 1.25 மடங்கு. கீழ்நாட்டில் இட்ட முட்டையை மேலே கொண்டுவந்து அடை வைத்தால் அங்கே 12 சதவீதம் எடை குறைவது இங்கே 15 ஆகும். அப்படிப்பட்ட முட்டைக்கு முதல் 18 நாளும் 60 சதவீத ஈரப்பதன் வையுங்கள். மலையிலேயே வளர்ந்த கோழிகளின் முட்டை இந்த அளவுக்குக் காய்வதில்லை.

எதை நம்புவது? தராசை. 18ஆம் நாளில் முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவீதம் இழந்திருக்க வேண்டும். 55 கிராம் முட்டை சுமார் 48.5 கிராமுக்கு வர வேண்டும். பென்சிலால் இலக்கமிட்டு, 7ஆம் நாள் நிறுத்துப் பாருங்கள்: 55 கிராமில் சுமார் 2.5 கிராம் குறைந்திருந்தால் சரி. அதைவிட அதிகமென்றால் தண்ணீர்த் தட்டை அகலமாக்குங்கள். ஆழம் உதவாது, நீரின் பரப்புதான் கணக்கு.

மூன்றாவது, மூச்சு. 60 கிராம் முட்டை ஒன்று 21 நாளில் சுமார் 6 லீற்றர் ஒட்சிசனை உள்ளிழுக்கிறது, அதில் பெரும்பகுதி கடைசி வாரத்தில். இங்கே காற்றே மெல்லியது. குளிர் என்று காற்றுத் துளைகளில் துணி அடைத்து வைப்பதுதான் மலையகத்தில் கடைசி நாள் சாவுக்கு முதற் காரணம் என்போம். குளிரைத் தடுக்கப் பெட்டியின் வெளியே கம்பளி சுற்றுங்கள், துளையை விட்டுவிடுங்கள்.

திருப்புதல்: ஒரு பக்கம் வட்டம், மறுபக்கம் புள்ளடி போட்டு, 18ஆம் நாள் வரை நாளுக்கு 5 தடவை, குறைந்தது 3. ஒற்றை எண் ஏனென்றால், நீண்ட இரவில் எப்போதும் ஒரே பக்கம் மேலே இருக்காமல், இரவுக்கு இரவு பக்கம் மாறி வருவதற்கு. திருப்பாவிட்டால் முளையம் ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக்கொள்ளும்.

கரண்ட் போனால் பதற வேண்டாம். துளையைத் திறந்தபடியே கம்பளி போர்த்தி, சுடுநீர்ப் போத்தல் இரண்டை முட்டையில் படாமல் உள்ளே வையுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியை முளையம் தாங்கும், பொரிப்பு ஒரு நாள் பிந்தலாம். தாங்காதது சூடு. 40 பாகைக்கு மேல் சில மணி நேரமே கொல்லப் போதும்.

முதல் 4 நாள், மணிக்கணக்கில்

ஹம்பர்கர், ஹமில்டன் என்ற இருவர் 1951இல் கோழி முளையத்தின் வளர்ச்சியை 46 நிலைகளாகப் பிரித்தனர். இன்றும் உலகம் முழுதும் அதே கணக்கு. அந்த 46இல் பாதிக்கு மேல் முதல் 4 நாளிலேயே முடிந்துவிடுகின்றன.

சூடு பட்டு 6, 7 மணி நேரத்தில் வால் பக்கத்தில் கலங்கள் தடிக்கின்றன. 18 மணி நேரத்தில் அது வட்டத்தின் நடுவரை நீண்ட கோடாகிறது. மேலிருக்கும் கலங்கள் அந்தக் கோட்டின் பள்ளத்தில் இறங்கி அடியில் பரவுகின்றன. ஒற்றைத் தாளாக இருந்தது மூன்று படையாகிறது. மேற்படை தோலும் நரம்பும் மூளையும் ஆகும். நடுப்படை எலும்பு, தசை, இதயம், இரத்தம். கீழ்ப்படை குடல், ஈரல், நுரையீரலின் உட்பூச்சு. கோழிக்கு மட்டுமல்ல, தவளைக்கும் மாட்டுக்கும் நமக்கும் இதே மூன்று படைதான்.

24 மணி நேரம்: தலை மடிப்பு எழும்பும், முதுகெலும்புக்கான முதல் கட்டி தோன்றும். அதிலிருந்து 90 நிமிடத்துக்கு ஒரு சோடி. கட்டிகளை எண்ணினால் வயதைச் சொல்லலாம். 26 மணி முதல் மேற்படையின் இரு ஓரங்களும் ஒன்றையொன்று நோக்கி மடிந்து, மூளைக்கும் முண்ணாணுக்குமான குழாயாகின்றன. 33 முதல் 38 மணி: இதயம் துடிக்கத் தொடங்குகிறது, அனுப்ப இரத்தம் ஓடுமுன்பே. இரண்டாம் நாள் முடிவில் மஞ்சட்கருவின் மேல் இரத்தக் குழாய்கள் சிலந்திவலை போலப் பரவும். மூன்றாம் நாள் கை, கால் மொட்டுகள். நான்காம் நாள் கண்ணில் கருமை ஏறும்.

பாடசாலையில் காட்ட விரும்பும் ஆசிரியர்களுக்கு: 72 மணி நேர முட்டையை அரை மணி நேரம் படுக்க வையுங்கள், முளையம் மேலே மிதந்து வரும். மழுங்கிய முனையின் அடிப்பக்கம் ஊசியால் துளைத்து 3 மில்லிலீற்றர் வெள்ளைக்கருவை உறிஞ்சினால் முளையம் ஓட்டிலிருந்து கீழே இறங்கும். மேலே தெளிவான ஒட்டுநாடா ஒட்டி, சிறு கத்தரியால் 2 சென்ரிமீற்றர் ஜன்னல் வெட்டுங்கள். வெண்படலம் போட்டு மறைத்தால் இளஞ்சூடான உப்புநீர் சில துளி விடுங்கள். 1 லீற்றருக்கு 9 கிராம் உப்பு. குளிர்ந்த நீர் விட்டால் துடிப்பு தணிந்துவிடும். முதல் முட்டையில் மஞ்சட்கரு கிழிவது பெரும்பாலும் வெள்ளைக்கருவை எடுக்க மறந்ததால். பார்த்து முடிந்ததும் அன்றே உறைபெட்டிக்குள் வைத்துவிடுங்கள். வளர்த்து வேடிக்கை பார்க்கக் கூடாது.

டோர்ச் அடித்துப் பார்ப்பது

இருட்டறை, டோர்ச்சின் வாயில் 2 சென்ரிமீற்றர் துளையிட்ட அட்டை, மழுங்கிய முனையில் அழுத்திப் பிடியுங்கள். பழுப்பு ஓட்டுக்கு 7ஆம் நாள், வெள்ளைக்கு 5ஆம் நாள். சிலந்தி மாதிரிக் குழாய்களும் நடுவில் அசையும் புள்ளியும் தெரிந்தால் உயிருண்டு. கோடில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் 2ஆம், 3ஆம் நாளில் செத்தது. ஒன்றுமே இல்லாமல் தெளிவாக இருந்தால் எடுத்து உடைத்துப் பாருங்கள், வெளிச்சத்தில் கருக்கட்டாததும் முதல் நாளில் செத்ததும் ஒன்றுபோலவே தெரியும். 14ஆம் நாள் மறுபடி ஒரு தடவை. அப்போது காற்றறை தவிர மற்றதெல்லாம் இருண்டிருக்க வேண்டும்.

இடைப்பட்ட நாட்கள் அமைதியானவை. 11ஆம் நாளளவில் ஓட்டின் உட்புறம் முழுதும் இரத்தக் குழாய் படர்ந்து அதுவே நுரையீரலாக வேலை செய்யும். 14ஆம் நாளில் தலை மழுங்கிய முனை பக்கம் திரும்பும். இந்த வாரத்தில் நிறையச் செத்தால் தாய்க்கோழியின் தீனியில் விற்றமின் குறைவா என்று பாருங்கள், வெறும் சோறும் தவிடும் போதாது.

மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

பசுவிலும் கருக்கட்டல் குழாயின் மேற்பகுதியில்தான். ஆனால் மஞ்சட்கரு இல்லாததால் முழு முட்டையும் பிளக்கும். 4, 5 நாளில் கருப்பைக்கு இறங்கும், 7ஆம் நாளில் நீர் நிறைந்த உருண்டை, 9, 10இல் மேலுறையைக் கிழித்து வெளிவரும். 16ஆம் நாளளவில் "நான் இருக்கிறேன்" என்று அது ஒரு புரதத்தால் தாய்க்கு அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் 21ஆம் நாள் பசு மீண்டும் வேட்கைக்கு வரும். 30, 35 நாள் கழித்து வந்தால், அறிவித்த பிறகு கரு கலைந்திருக்கக்கூடும், அதையும் குறித்து வைத்து மிருக வைத்தியரிடம் சொல்லுங்கள். ஹோர்ட்டன் சமவெளியின் புதர்த் தவளைகள் வேறு வழி: அவற்றின் முட்டையிலிருந்து வாற்பேத்தை வராது, நேரே குட்டித் தவளைதான். ஓடில்லாத முட்டைக்கு ஈரமண்ணும் இலையும்தான் அடை.

கடைசி 3 நாள்

18ஆம் நாள் திருப்புவதை நிறுத்துங்கள். ஈரப்பதனைக் கூட்டுங்கள், துளைகளை முழுதாகத் திறங்கள். 19இல் மஞ்சட்கருப் பை வயிற்றுக்குள் இழுபடத் தொடங்கும். 20இல் அலகு காற்றறைக்குள் குத்தி முதல் மூச்சு. பிறகு ஓட்டில் விரிசல். விரிசலிலிருந்து வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்த நேரத்தில் சவ்வில் இன்னும் இரத்தம் ஓடுகிறது. நகத்தால் உரித்து "உதவி" செய்தால் இரத்தம் கொட்டும். பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பதும் கூடாது, ஒரு தடவை திறந்தால் ஈரம் போய்ச் சவ்வு தோல் போல இறுகும். வெளிவந்த குஞ்சு உலர 24 மணி நேரம் உள்ளேயே இருக்கட்டும், மஞ்சட்கரு வயிற்றில் இருப்பதால் பசிக்காது. வெளியே எடுத்தால் முதல் வாரம் 32 முதல் 35 பாகை வேண்டும்.

மிஞ்சிய முட்டைகளை உடைக்கும் வேலை

22ஆம் நாள் கழிந்ததும், துணி விரித்து, மழுங்கிய முனையிலிருந்து உடையுங்கள். நாற்றமடிப்பதை வெளியில் வைத்து உடையுங்கள், அழுகியது வெடிக்கும்.

சிறு வெண்புள்ளி: கருக்கட்டவில்லை, சேவலைப் பாருங்கள். பெரிதான வெண்வட்டம், இரத்தமில்லை: சேமிப்புப் பிழை அல்லது பழைய முட்டை. இரத்த வளையம்: முதல் நாட்களில் சூடு ஏறி இறங்கியது, அல்லது கிருமி. முழுக் குஞ்சு, காற்றறை மிகப் பெரிது, சவ்வு உடலோடு ஒட்டியது: வறட்சி. முழுக் குஞ்சு, ஊதிய உடல், காற்றறை சிறிது, சளி போன்ற நீர்: ஈரம் கூடியது. அலகு காற்றறைக்குள் நுழைந்து நின்றது: மூச்சு முட்டியது. தலை கூர்முனைப் பக்கம்: முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள். ஒவ்வொன்றுக்கும் பென்சில் இலக்கத்துக்கு எதிரே கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். ஒரே வரி மூன்று தடவை வந்தால் அடுத்த அடைக்கு மாற்ற வேண்டியது அந்த ஒன்றை மட்டும், நாலையும் ஒன்றாக மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போகும்.